விண்டோஸ் 11-க்கு மாறலாமா: மூன்று கணினி வைத்திருக்கும் ஒரு கடைக்காரருக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். தட்டச்சு, ஜெராக்ஸ், திருமணப் பத்திரிகை வடிவமைப்பு நடக்கும் ஒரு சிறு கடை. மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 10. ‘விண்டோஸ் 11-இல் முகப்பையே மாற்றிவிட்டார்களாம், பழகிய கை தடுமாறுமாம், மாறுவதில் லாபம் உண்டா’ என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது, பயமாக இருக்கிறது’ என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முகப்பு மாறியது ஒரு வாரத் தொல்லை. மாறாமல் இருந்தால் என்ன ஆகும், மாறினால் கடையில் எது நின்றுபோகும் என்பவைதான் பணமும் தூக்கமும் சம்பந்தப்பட்டவை.

நான் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து கணினி பழுது பார்க்கிறவன். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், பள்ளிக்கூடம், வீடு என்று சின்ன இடங்கள்தான் என் உலகம். நூறு கணினி இருக்கும் அலுவலகத்துக்கு நான் சொல்வது பொருந்தாது.

முகப்பை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், மைக்ரோசாஃப்டுக்கு இதில் பழைய கணக்கு உண்டு. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டார்கள். கணினியை எப்படி அணைப்பது என்று கேட்டே அந்த வருடம் எனக்குப் பாதி தொலைபேசி அழைப்புகள் வந்தன. அடுத்த ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோதும் இதே கதை, அளவு மட்டும் சிறியது. திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் ஐகான்கள் நடுவுக்குப் போயின. டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்த வழியில்லாமல் போனது. ஒரு கோப்பை இழுத்துக் கீழேயுள்ள ஐகான் மேல் வைத்துத் திறக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஐந்து வேர்டு கோப்புகள் திறந்திருந்தால் ஐந்தையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டாமல் ஒரே ஐகானுக்குள் அடைத்தார்கள். பத்திரிகை வேலை செய்கிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய இடைஞ்சல். எந்தப் பத்திரிகையில் யார் பெயரைத் திருத்துகிறோம் என்பதே குழம்பிவிடும்.

ஆனால் அந்தக் குறைகளில் பெரும்பாலானவை இப்போது இல்லை. இழுத்து வைக்கும் வசதி 2022-இலும், தனித்தனியாகக் காட்டுவது 2023-இலும் திரும்பி வந்துவிட்டன. ஸ்டார்ட் பட்டனை இடது ஓரத்துக்கே கொண்டுவர அமைப்புகளில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும். இன்றும் எரிச்சல் தருவது ரைட் கிளிக் பட்டியல். வெட்டு, ஒட்டு, பெயர் மாற்று எல்லாம் சின்னச் சின்ன படங்களாகிவிட்டன, மற்றவை ‘மேலும் விருப்பங்கள்’ என்ற வரிக்குள் ஒளிந்திருக்கின்றன. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் நேராக வரும். கடைப் பையன்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் புலம்பல் அடங்கும். வேகம் கூடுமா என்றால், நான் பார்த்த வரையில் அதே கணினியில் 10-க்கும் 11-க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. அழகுக்காக மட்டும் மாறுவதாக இருந்தால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதிலை முடித்திருப்பேன்.

அப்படி முடிக்க முடியாததற்குக் காரணம் தேதி. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதனால் கணினி நின்றுவிடாது, கோப்புகள் அழியாது. திரையில் வரும் அறிவிப்பைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே புதுக் கணினி வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அது வீண் செலவு. ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் உங்களுக்காக அடைக்க மாட்டார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2017-ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற கிருமி உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவர்கள் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாதவர்களும், திருத்தமே வராத பழைய விண்டோஸில் இருந்தவர்களும்தான்.

உங்கள் கடைக்கு இந்த ஆபத்து ஒரு வீட்டைவிட அதிகம். நாள் முழுவதும் யார் யாரோ பென்டிரைவ் கொண்டுவந்து சொருகுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வரும் கோப்பை யோசிக்காமல் திறக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஊராரின் ஆதார் நகலும் பத்திர நகலும் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும், எல்லாக் கடைகளிலும் அப்படித்தான். ஆபத்து கூடிக்கொண்டே போகும் என்பது உறுதி. எவ்வளவு சீக்கிரம், யாருக்கு என்பதை யாராலும் சொல்ல முடியாது, சொல்பவர் எதையோ விற்க வந்தவர். சில விஷயங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்குக் கிருமிப் பட்டியல் புதுப்பிப்பு 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய விண்டோஸை குரோம் பிரவுசரும் உடனே கைவிடுவதில்லை. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் அதை விட்டது 2023-இல்தான். இவை வாசல் கதவுக்குப் பூட்டு மாதிரி. சுவரில் விழும் ஓட்டையை இவை அடைக்காது.

இடைக்கால வழி ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் என்று 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருடம் தருகிறார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000. இது தனிநபர்களுக்கென்று அறிவித்த திட்டம். நிறுவனங்களுக்கு வேறு திட்டம், அதில் முதல் வருடம் கணினி ஒன்றுக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். அந்தப் பணத்தை இரண்டு வருடம் கட்டுவதைவிட அதைப் புதுக் கணினியில் போடுவது மேல்.

இனி உங்கள் மூன்று கணினிகள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், தொடங்கும்போதே கலப்படத்தைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும். 32 பிட் விண்டோஸ் 11 என்று ஒன்றே கிடையாது. 4 ஜிபி ரேம் என்பது காகிதத்தில் எழுதுவதற்கு. கடை வேலைக்கு 8 ஜிபியும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டியும் இல்லாமல் 11-ஐத் தொடாதீர்கள்.

நீங்கள் 2021-இல் வாங்கியதாகச் சொல்லும் ரைசன் 3 3250யூ மடிக்கணினி பட்டியலில் இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5 மேசைக் கணினியில் ‘உங்கள் கணினி தகுதி பெறவில்லை’ என்று வந்ததாகச் சொல்கிறீர்கள். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்ன கணினிக் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் டிபிஎம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல் போர்டில் அதற்குப் பெயர் பிடிடி. பயாஸுக்குள் போய் அதை இயக்கிவிட்டு, விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து டிபிஎம் டாட் எம்எஸ்சி (tpm.msc) என்று அடித்தால் ‘பயன்பாட்டுக்குத் தயார்’ என்றும், பதிப்பு 2.0 என்றும் காட்ட வேண்டும். அப்போதும் செக்யூர் பூட் மறுத்தால், ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை அழிக்காமலே ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-இலேயே கருவி இருக்கிறது. அழிக்காது என்றாலும் நகல் எடுத்து வைக்காமல் அதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, நான்காம் தலைமுறை ஐ3. அதற்கு முறையான வழியில்லை. ‘புதுக் கணினி விற்பதற்கான சூழ்ச்சியா’ என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து: பாதி. டிபிஎம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கடவுச்சொல்லையும் பூட்டுச் சாவிகளையும் ஹார்ட் டிஸ்க்கில் வைக்காமல் தனி இடத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் ஏழாம் தலைமுறையில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு, தங்களுடைய சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்த ஏழாம் தலைமுறை பிராசஸருக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு எல்லாமே பாதுகாப்புக்காகத்தான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

தடையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு, ரூஃபஸ் போன்ற கருவிகள் பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை எடுத்துவிடும். நண்பர்கள் வீட்டுக் கணினிகளில் செய்திருக்கிறேன், ஓடுகின்றன. கடைகளுக்கு அப்படிச் செய்து தருவதில்லை. இத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பை மறுபடி நாமேதான் ஏற்ற வேண்டும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசஸர்களில் பூட் ஆகவே மறுத்தது. உங்கள் ஐ3 அதில் தப்பிவிடும். அடுத்ததில் எப்படியோ.

இதுவரை சொன்னதை யாரும் சொல்வார்கள். உங்கள் மாதிரிக் கடைகளில் நான் அடிபட்ட இடம் வேறு, எழுத்துரு. கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று, நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. யூனிகோடில், லதா எழுத்துருவில், வேர்டில் அடித்து மெய்ப்பும் பார்த்து முடித்திருந்தார்கள். அந்தக் கணினியை ஃபார்மட் செய்து புதிய விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கடைக்காரர் பக்கங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எழுத்துகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, ஆனால் வரிகள் வேறு இடத்தில் ஒடிந்திருந்தன. படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய பெயர் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது, பொருளடக்கத்தில் ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. காரணம் எளிது. லதா இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. அது இல்லாத இடத்தில் வேர்டு சத்தமில்லாமல் நிர்மலா எழுத்துருவைப் போட்டுக்கொள்கிறது, அதன் அகலம் வேறு. அமைப்புகளில் ‘விருப்ப அம்சங்கள்’ என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். சேர்த்ததும் மலர் பழையபடி உட்கார்ந்தது. ஐந்து நிமிட வேலை. நான் முன்பே பார்த்திருந்தால் அந்த மனிதர் ஒரு இரவு தூக்கத்தை இழந்திருக்க மாட்டார்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து ‘நிறுவு’ என்று கொடுத்தால், இப்போதைய விண்டோஸ் அதை அந்தப் பயனருக்கு மட்டும் தனி இடத்தில் வைக்கிறது. வேர்டில் தெரியும். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் தெரியாது. அந்தக் கோப்பின் மேல் ஷிஃப்ட்டோடு ரைட் கிளிக் செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைக் கொடுக்க வேண்டும். பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அடோபி எப்போதோ கைவிட்ட பொருள். விண்டோஸ் 11-இல் அதை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே இரண்டு அச்சகங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓடும் என்று எழுதித் தர மட்டும் மாட்டேன். அச்சுக்கு அனுப்பும்போது ஒரு கணினியில் சரியாக வந்தது, இன்னொன்றில் படுத்துவிட்டது. இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில் மறுபடி தேவைப்படக் கூடியவற்றை பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள். 11-க்கு மாறினாலும் மாறாவிட்டாலும் அது பயன்படும். டாஸ் காலத்துப் பில் போடும் நிரல் ஏதாவது இன்னும் வைத்திருந்தால், அது 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தட்டச்சில் கவலையில்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

இன்னொரு ஆபத்தை முகப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் முழு டிஸ்க்கையும் அது தானாகவே பூட்டிவிடக்கூடும். 24எச்2-க்குப் பிறகு இது இன்னும் பரவலாகிவிட்டது. திருடன் கையில் மடிக்கணினி போனால் நல்ல விஷயம். ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன ஆண்டு என்னிடம் வந்தார். பயாஸில் யாரோ எதையோ மாற்றப்போய், நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது. அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு எது? மடிக்கணினி வாங்கிய நாளில் கடைப் பையன் ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு, தன் கைபேசி எண்ணைக் கொடுத்து உருவாக்கியது. பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். பேத்தியின் முதல் வருடப் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றை மீட்க என்னால் முடியவில்லை, வேறு யாராலும் முடியாது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு. ஆகவே உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் கணக்கைத் தொடங்குங்கள். நிறுவியவுடன் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணைப் பார்த்து, காகிதத்தில் அச்சடித்துக் கல்லாப் பெட்டியில் போட்டு வையுங்கள். பூட்டு வேண்டாமென்றால் அமைப்புகளில் அணைத்தும் விடலாம்.

என்ன வரிசையில் செய்யலாம் என்றால், மடிக்கணினியிலிருந்து தொடங்குங்கள். ஃபார்மட் செய்யாமல் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றுங்கள். உங்கள் விண்டோஸ் 10 முறையான உரிமம் என்றால் இது இலவசம். இப்படி ஏற்றினால் 10 நாட்களுக்குள் பழையதற்கே திரும்பிவிடலாம், அமைப்புகளில் ‘மீட்பு’ என்ற இடத்தில் அந்தப் பட்டன் இருக்கும். அந்தப் பத்து நாளை வீணாக்காதீர்கள். கடையில் உள்ள ஒவ்வொரு பிரிண்டரையும், ஸ்கேனரையும், ஆடிட்டர் வேலைக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். இந்தக் கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களில் பழையவை சிலவற்றை ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு ஏற்க மறுக்கும், அப்போது தயாரிப்பாளரின் புது டிரைவரைத் தேட வேண்டும். முகூர்த்த மாதத்தில் இதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள், ஆடி மாதமோ மார்கழியோ பார்த்துச் செய்யுங்கள். மடிக்கணினியில் எல்லாம் ஓடினால் ஐ5-ஐ மாற்றலாம்.

ஐ3-ஐ 2026 அக்டோபர் வரை, முன்பு சொன்ன அந்தப் பாதுகாப்புத் திருத்த நீட்டிப்பில் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு இணைய இணைப்பை எடுத்துவிட்டு அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியார் பென்டிரைவை அதில் சொருகவிடக் கூடாது. லினக்ஸ் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், தமிழ்த் தட்டச்சு வரைக்கும் லினக்ஸ் மின்ட் அந்தக் கணினியில் நன்றாகவே ஓடும், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் இன்னும் நன்றாக. விண்ணப்பம் நிரப்பும் மேசைக்கு அது போதும். பேஜ்மேக்கர் மேசைக்கு ஆகாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றே ஒன்று, பத்திரிகை அடிக்கும் அந்தப் பழைய லேசர் பிரிண்டரின் மாடல் எண். பின்பக்க ஒட்டியில் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடிக்கணினியில் கை வையுங்கள். இல்லை என்றால் ஐ3-ஐ எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பிரிண்டர் இருக்கும் வரை அது வேண்டியிருக்கும்.